வெறுமையாகத் திரும்பிய படிவம்

நெடுங்கேணி
2025 ஆனி 2

தம்பி மதுசன் அறிவது,

பத்து மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரித்துத் தொடங்கினால் நடிப்பாக இருக்கும். ஆறு தடவை உமக்கு அழைத்தேன், நீர் எடுக்கவில்லை. அதனால்தான் இதை வவுனியா பஸ் கொண்டக்டர் வினோதனிடம் கொடுத்து விடுகிறேன். உம்முடைய போன் திருத்தும் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கையிலேயே தரவேண்டும், இல்லாவிட்டால் அவனுடைய தாயாரிடம் சொல்வேன் என்று வெருட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். தாதியர் கல்லூரியின் விண்ணப்பப் படிவம் மறுபடி இணையத்தில் திறந்திருக்கிறது. ஆனி 30 கடைசி நாள். மகள் லக்சிகாவுக்கும் இதுதான் கடைசி வருடம், அடுத்த முறை வயது போய்விடும். போன வருடம் அவளுக்கு நடந்ததை நீர் மறந்திருக்கமாட்டீர். எங்கள் மாதர் சங்கக் கணினி அறையில், நீர் போட்டுத் தந்த அந்தச் சின்ன உலாவியில்தான் படிவத்தை நிரப்பினாள். "அனுப்பியாச்சு அம்மா" என்று சிரித்துக்கொண்டு வந்தாள். ஆடி மாதம் கல்லூரிக்கு எடுத்துக் கேட்டால், அந்தப் பெயரில் ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்றார்கள்.

நேற்று நானே மூன்றாம் இலக்கக் கணினியில் இருந்து, பொய்ப் பெயர் ஒன்று போட்டுச் செய்து பார்த்தேன். முதல் பக்கத்தை நிரப்பினால் இரண்டாம் பக்கம் வருகிறது. அதில் சான்றிதழ்ப் படங்களை ஏற்றி 'அனுப்பு' என்பதை அமத்தினால், மறுபடி முதல் பக்கம் வருகிறது. ஒன்றும் எழுதாத முதல் பக்கம். நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் அதே கூத்துத்தான். தமிழ் எழுத்துகளும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கின்றன.

லக்சிகாவின் போனிலும் பார்த்தோம். படம் ஏற்றும் இடத்தில் நின்றுவிடுகிறது. நீர் 'தும்பி, தும்பி' என்று கொண்டாடிய அந்த உலாவிக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று சொல்லும். போன வருடம் சொல்லாமல் போனீர். இந்த வருடமாவது சொல்லும்.

விமலேஸ்வரி


வவுனியா
2025 ஆனி 5

விமலேஸ்வரி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வினோதன் பஸ்ஸை நிறுத்தி, பின்னால் நின்ற லொறிக்காரனிடம் பேச்சு வாங்கித்தான் தந்தான். இனிமேல் அவனை வெருட்டாதீர்கள்.

உங்கள் அழைப்பை நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். இங்கே காலை எட்டு மணியில் இருந்து உடைந்த கண்ணாடியும் தண்ணீரில் விழுந்த போனும்தான். பின்னேரமானால் சத்தம் போடவும் உடம்பில் வலு இல்லை. எழுதுவதுதான் எனக்குச் சுகம்.

லேசான வழி ஒன்று இருக்கிறது. லக்சிகாவைச் சான்றிதழ்களோடு இங்கே அனுப்புங்கள். கடையில் புதிய கணினி இருக்கிறது, பத்து நிமிட வேலை.

அதெல்லாம் வேண்டாம், வருத்தம்தான் தெரியவேண்டும் என்றால் தும்பியைத் திறந்து கல்லூரிப் பக்கத்துக்குப் போங்கள். கீழே வலது மூலையில் சிவப்பாக ஒரு எண் தெரியும். அது எத்தனை என்று எழுதுங்கள்.

எழுத்துகள் பிரிந்து நிற்பது வேறு கதை. அது தும்பியின் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த உலாவி எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. ஊர் பேர் தெரியாத ஆட்கள் சம்பளம் இல்லாமல் எழுதி, யாரும் திறந்து பார்க்கலாம் என்று விட்டது. பெரிய உலாவிகள் உங்கள் பழைய பெட்டிகளில் திறக்கவே பத்து நிமிடம் எடுக்கும்போது இது ஒன்றுதான் ஓடியது. பதினொரு வருடம் ஓடியதைப் பற்றி யாரும் ஒரு கூட்டத்திலும் பேசவில்லை.

மதுசன்


நெடுங்கேணி
2025 ஆனி 9

தம்பி மதுசன்,

அறுபத்தொன்று! சிவப்பு எண் அறுபத்தொன்று. அதை அமத்தினால் ஒரு பட்டியலே வருகிறது. இந்த வரியில் இது மூடப்படவில்லை, அந்த வரியில் அது பிழை என்று, இங்கிலிசில். எனக்கு விளங்கிய மட்டில் அவை எல்லாம் கல்லூரிக்காரர் தங்கள் பக்கத்தில் விட்ட பிழைகள். அப்படியானால் இது அவர்களுடைய குற்றம். அறுபத்தொரு பிழையோடு பக்கம் செய்துவிட்டு, என் பிள்ளை விண்ணப்பிக்கவில்லை என்று சொல்ல என்ன துணிச்சல்! ஒரு முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். நீர் ஓம் என்றால் அனுப்பிவிடுவேன்.

லக்சிகா உம்மிடம் வரமாட்டாளாம். உம்மில் கோபம் இல்லை. நான் வற்புறுத்தியபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அங்க போனா மதுசன் அண்ணா செய்து தந்திடுவார், அது எனக்குத் தெரியும். ஆனா போன வருசம் என்ர கவலையீனத்தாலதான் போகேல்லையோ எண்டு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாமப் போயிடும். நான் அதே மெசினில இருந்துதான் செய்வன்."

அவளைக் கவலையீனம், கவனமில்லாதவள் என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒரு தடவையல்ல. சோறு அடிப்பிடித்தாலும் அந்தப் படிவத்தை இழுத்துத்தான் பேசினேன். "பக்கம் வெறுமையா வந்தது அம்மா, அதாலதான் முடிஞ்சுதெண்டு எழும்பினனான்" என்று அன்றைக்கே சொன்னாள். நான் காதில் போடவில்லை. பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். இப்போது தையல் கடை ஒன்றில் பொத்தான் தைக்கிறாள், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

எனக்கும் களைத்துவிட்டது, மதுசன். முழங்கால் உளைகிறது. அறையில் ஏழு பெட்டிகளில் நாலுதான் மிச்சம். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. பிழை அந்த அறுபத்தொன்றில்தானே?

விமலேஸ்வரி


வவுனியா
2025 ஆனி 12

அக்கா,

முறைப்பாட்டை அனுப்பவேண்டாம்.

அந்த எண் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் வரும். பெரிய பெரிய இடங்களின் பக்கங்களில் முந்நூறு, நானூறு என்றும் பார்த்திருக்கிறேன். தும்பி எண்ணிக் காட்டும், ஆனால் பொறுத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்துவிடும். பக்கம் திறக்கிறது, பொத்தான் வேலை செய்கிறது, இரண்டாம் பக்கமும் வருகிறது. எனவே பிழை அதில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எண்ணைக் கேட்டேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் கடைசியில் மிஞ்சுவது எது என்று தெரியும்.

மிஞ்சுவது இது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலில் ஒரு நம்பர் துண்டு தருகிறார்கள். உள்ளே ஒவ்வொரு மேசையிலும் அதைக் காட்டினால்தான் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். இணையப் பக்கங்களும் அப்படித்தான். முதல் பக்கத்தை நிரப்பியதும் கல்லூரியின் கணினி உலாவியிடம் ஒரு துண்டு தரும். குக்கி என்பார்கள். 'அனுப்பு' என்று அமத்தும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டவேண்டும். காட்டாவிட்டால், யாரோ புதிதாக வந்திருக்கிறார் என்று நினைத்து முதல் பக்கத்தை வெறுமையாக நீட்டும்.

உங்கள் அறையில் இருக்கும் தும்பி யாரிடமும் துண்டு வாங்குவதில்லை. பத்து வருடமாக அங்கே பரீட்சை முடிவு பார்த்தோம், பழைய வினாத்தாள் இறக்கினோம், படிவங்களை அச்செடுத்துத் தபாலில் போட்டோம். ஒன்றுக்கும் துண்டு தேவைப்படவில்லை. போன வருடம்தான் கல்லூரி தபாலை நிறுத்தி, எல்லாம் இணையத்தில் என்றது.

தும்பி ஏன் வாங்குவதில்லை என்பது மூன்றாம் கணினியில் ஒரு கோப்பில் எழுதியிருக்கிறது. எல்லாரும் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. அதை எப்படித் திறப்பது என்று தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றையும் மாற்றவேண்டாம். முதல் வரியில் இருந்து வாசித்துவிட்டு, என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். நான் வாயால் சொல்லமாட்டேன்.

மதுசன்


நெடுங்கேணி
2025 ஆனி 16

மதுசன்,

திறந்தேன். மூன்றே மூன்று வரி. மேலே தமிழில் இரண்டு, கீழே இங்கிலிசில் ஒன்று. கீழ் வரி எல்லாவற்றையும் மறுக்கச் சொல்கிறது. மேல் வரிகளை எழுதச் சொன்னீர், எழுதுகிறேன்.

'2014 ஐப்பசி 21. விமலேஸ்வரி அக்கா சொன்னது: இங்கே இருந்து எழும்பியவர்களின் அடையாளம் ஒன்றும் மெசினில் மிஞ்சக்கூடாது.
பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எவரும் எழும்பவேண்டும்.'

வாசித்துவிட்டு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அறை திறந்து இரண்டு மாதம். மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். செருப்புக் கழற்றாமல் உள்ளே வந்து, போன கிழமை மூன்றாம் மெசினில் யார் இருந்தது, வெளிநாட்டுக்கு யார் எழுதியது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியாதென்றால் மெசின் சொல்லும்தானே என்று ஒருவன் சிரித்தான். உம்மைக் கூப்பிட்டு, எந்தப் பேரும் தங்காமல் செய்யும் என்றேன். நீர் செய்து தந்தீர். அதன் பிறகு அந்த அறைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், வேலை முடிந்தால் பக்கம் வெறுமையாகும், வெறுமையானால் எழும்பு என்று. என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் இருந்து சொல்லிக் கொடுத்தேன்.

அவள் வெறுமையான பக்கத்தைப் பார்த்தாள். எழும்பினாள். அவள் கவலையீனம் இல்லை, மதுசன். நான் சொன்னதை அச்சுப்பிசகாமல் செய்தாள்.

இப்போது நான் கேட்கிறேன். இது உமக்கு எப்போது தெரியும்? போன வருடமே தெரியுமா? தெரிந்துகொண்டா சங்கத்தின் ஆவணிப் பொதுக்கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றீர்? இந்தமுறையும் நேரே சொல்லாமல் சிவப்பு எண், துண்டு என்று ஏன் என்னை இரண்டு கிழமை சுற்றவிட்டீர்? நாள் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாதா? எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம். ஆனால் நீர் இல்லாமல் இதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது.

விமலேஸ்வரி


வவுனியா
2025 ஆனி 19

அக்கா,

ஓம், தெரியும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதைச் சொல்லத்தான் கூட்டத்துக்கு வந்தேன். உங்களைக் குற்றம் சொல்ல அல்ல. ஒரு வரி மாற்றினால் சரி, இனி யாருக்கும் இப்படி வராது என்று சொல்ல.

நான் எழும்ப முந்தி நாகேஸ்வரி அக்கா எழும்பினா. சங்கத் தலைவி பேசும்போது குறுக்கே பேசக்கூடாதே. அவா சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். "தோட்டத்து ஆக்களிட்டப் பொறுப்பைக் குடுத்தா இப்பிடித்தான் வரும்." என் அப்பா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு நெடுங்கேணிக்கு வந்தவர். நான் நெடுங்கேணியில் பிறந்தேன், நெடுங்கேணியில் படித்தேன், ஒரு சதமும் வாங்காமல் பத்து வருடம் உங்கள் பெட்டிகளுக்குத் தூசி தட்டினேன். அந்த ஒரு வசனத்தில் தோட்டத்து ஆளாகிவிட்டேன்.

அதுகூடப் போகட்டும். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மடியில் இருந்த கூட்டக் குறிப்புக் கொப்பியைப் பார்த்தீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றத்தான் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் அது பொய். சொல்லியிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள், மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். பிறகு நான் உங்களில் கோபிக்க முடியாது. எனக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு வருவதற்கு வேறு என்ன இருந்தது? லக்சிகாவை நான் நினைக்கவே இல்லை. அதற்கு மட்டும் நான் வெட்கப்படுகிறேன்.

இந்தமுறை சுற்றவிட்டதற்குக் காரணம் இல்லை. பிடிவாதம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். இதோடு இருக்கும் தாளில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன். கல்லூரியின் முகவரியும் பக்கத்தில் ஒரு சொல்லும். அதைப் பார்த்து, கோப்பின் கடைசியில் எழுத்துப் பிசகாமல் அடித்துச் சேமியுங்கள். அந்தக் கல்லூரியின் துண்டை மட்டும் தும்பி வாங்கும், மூடியதும் எறிந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் மறுக்கும் வரி அப்படியே இருக்கட்டும். நீங்கள் அன்றைக்குப் பயந்தது பிழை என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பிறகு தும்பியை மூடித் திறந்துவிட்டு லக்சிகாவைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு விண்ணப்ப இலக்கம் வரவேண்டும். வராவிட்டால் எந்த நேரமும் எனக்கு எடுங்கள், எடுப்பேன்.

மதுசன்


நெடுங்கேணி
2025 ஆனி 24

தம்பி மதுசன்,

இலக்கம் வந்தது. லக்சிகா தன் கையாலேயே அந்த வரியை அடித்தாள். அனுப்பியபோது பக்கத்தின் நடுவே பச்சையில் இலக்கமும் அவளுடைய பெயரும் வந்தன. கொம்பும் காலும் பிரிந்துதான் நின்றன, ஆனாலும் அது அவளுடைய பெயர்தான். கல்லூரிக்கு எடுத்தும் கேட்டோம். கிடைத்துவிட்டது என்றார்கள். இனித் தெரிவு செய்வதும் செய்யாததும் அவர்கள் பாடு.

செய்யத் தொடங்க முந்தியே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோப்பைத் திறந்து அந்த வரிகளை வாசிக்கக் காட்டினேன். அவள் அழவில்லை. "ஒரு வருசம் அம்மா" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "மதுசன் அண்ணாவுக்கு என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டம். எழும்பிச் சொன்னேன். பிழை மதுசனுடையது இல்லை, உலாவியுடையதும் இல்லை, நான் போட்ட கட்டளை என்றேன். நாகேஸ்வரி, "சரி விடுங்கோ விமலா, முடிஞ்ச கதை" என்றாள். நாகேஸ், நீர் அன்றைக்குச் சொன்ன வார்த்தை முடியவில்லை, அதையும் இங்கே திருப்பி எடுக்கவேண்டும் என்றேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். கடைசியில் "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை" என்று முணுமுணுத்தாள். அறிக்கையில் எழுதவைத்தேன்.

நான் கொப்பியைப் பார்த்தது உண்மைதான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தலைவியைப் பகைத்தால் அறையை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். அறைதான் முக்கியம் என்று நினைத்தேன். என்னை மன்னியும். உமக்கு விருப்பம் என்றால் திரும்பி வாரும். அறைப் பூட்டின் திறப்பு இன்னும் உம்முடைய ஆணியிலேயே தொங்குகிறது.

விமலேஸ்வரி


வவுனியா
2025 ஆனி 27

அக்கா,

லக்சிகாவின் செய்தி சந்தோஷம். கடையில் இருந்த எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

திரும்பி வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இந்தக் கடிதங்களிலேயே கரைந்துவிட்டது, களைப்புத்தான் மிச்சம். அப்பாவுக்கும் இங்கே மருந்தெடுக்க வசதி. தும்பியில் ஏதும் கேட்கவேண்டும் என்றால் எடுங்கள். லக்சிகாவுக்கும் இப்போது கோப்புத் திறக்கத் தெரியும்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பிச் சொன்னதை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "இந்தக் கூட்டத்துல எத்தன பேரு இருந்தாங்க?"

நிர்வாகக் கூட்டம், ஒன்பது பேர் இருந்திருப்பார்கள் என்றேன்.

"ஒன்னயச் சொன்ன கூட்டத்துல?"

அது வருடாந்தப் பொதுக்கூட்டம், மண்டபம் நிறைய ஆட்கள் என்றேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். உங்களுக்கு இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். முன்பு ஒன்றைச் சொல்லாமல் விட்டு ஒரு வருடம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

மதுசன்


நெடுங்கேணி
2025 ஆடி 3

தம்பி மதுசன்,

உம்முடைய அப்பா கேட்டதை வாசித்துவிட்டு முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை வயதில், நாகேஸ்வரியை எதிர்த்து, எட்டுப் பேருக்கு முன்னால் என் பிழையை ஒத்துக்கொண்டேன். இன்னும் என்ன வேண்டுமாம் என்று லக்சிகாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் உள்ளே போய், போன வருடப் பொதுக்கூட்ட வரவுப் பதிவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

நாற்பத்து மூன்று கையெழுத்து. நிர்வாகத்து ஒன்பது பேரைக் கழித்தால் முப்பத்து நாலு.

திங்கட்கிழமை சைக்கிளை எடுத்து, அந்த முப்பத்து நாலு வீட்டுக்கும் நேரே போய்ச் சொல்ல வெளிக்கிட்டேன். வெயில் சொல்லி வேலையில்லை. சில வீடுகளில் தேத்தண்ணீர் தந்து கேட்டார்கள். ஒருத்தி "ஆர் மதுசன்?" என்றாள். அவளுக்கு முதலில் நாகேஸ்வரி உம்மைப் பற்றிச் சொன்ன அந்தக் கெட்ட வார்த்தையை நினைவுபடுத்தி, பிறகு அது பொய் என்று சொல்லவேண்டியதாகப் போயிற்று. வாசலில் நின்று இதைச் சொல்லும்போது என் வாய் எனக்கே கைத்தது. ஒரு வீட்டில், எல்லாம் சரி, இதுக்கு இந்த வெயிலில வரோணுமே என்று சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்துச் சிவலட்சுமி ரீச்சர் வீட்டுக்கும் போனேன். பக்கவாதம் வந்து கதிரையிலேயே இருக்கிறா. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டா. பிறகு, "உது எனக்கு அண்டைக்கே தெரியும், விமலா. அந்தப் பெடியன் அப்பிடிப்பட்டவன் இல்லை. நீர் வாய் திறப்பீர், திறப்பீர் எண்டு கடைசிவரைக்கும் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றா.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரோட்டால் போன ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

பதினொரு வீடு முடிந்திருக்கிறது, இன்னும் இருபத்து மூன்று இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லும்.

விமலேஸ்வரி